கையில் ஒரு குச்சி, மனசில் நூறு கேள்வி! கருத்தடை இம்ப்ளான்ட்: வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

முதல் குழந்தைக்கு ஆறு மாசம் ஆகிறது. அடுத்தது இப்போதைக்கு வேண்டாம். அதற்காக இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கவும் மனசில்லை. காப்பர் டி என்றால் பயம். மாத்திரை என்றால் வாரத்தில் இரண்டு நாள் மறந்துபோகிறது. அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் இருந்தாலும் சரி, சென்னையில் ஐ.டி கம்பெனியில் வேலை பார்த்தாலும் சரி, இந்த இடத்தில் வந்து நிற்கிற பெண்கள் நிறைய பேர்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பல வருஷமாக ஒரே பதில்தான். 'ரெண்டு பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோ.' தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), தமிழ்நாட்டின் திருமணமான பெண்களில் 57.8 சதவிகிதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய சராசரி 37.9 சதவிகிதம்தான். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவில் இடைவெளி விடுவதற்கான வழிகளைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே குறைவு.

அந்த இடைவெளிக்காக வந்திருப்பதுதான் கருத்தடை இம்ப்ளான்ட். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஒரு சின்னக் குச்சி. 'வெச்சுக்கலாமா?' என்பது முதல் கேள்வி. வைத்துக்கொண்ட பிறகு வருவதுதான் பெரிய கேள்வி: 'பீரியட்ஸ் கன்னாபின்னான்னு வருது, இதை வெச்சிருக்கலாமா, எடுத்துடலாமா?' இரண்டுக்கும் பதில் பார்ப்போம்.

இம்ப்ளான்ட் என்றால் என்ன?

இன்று அதிகம் பயன்பாட்டில் இருப்பது ஒற்றைக் குச்சி இம்ப்ளான்ட். 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். தீக்குச்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க, கிட்டத்தட்ட அந்த அளவுதான். வளையக்கூடிய பிளாஸ்டிக் போன்ற பொருளால் ஆனது. உள்ளே 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கும். நம் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரானின் செயற்கை வடிவம் இது. ஈஸ்ட்ரோஜன் இதில் கிடையாது.

இந்த ஹார்மோன் தினமும் துளித்துளியாக ரத்தத்தில் கலக்கும். ஆரம்ப வாரங்களில் ஒரு நாளைக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம். மூன்றாவது வருட முடிவில் 25 முதல் 30 மைக்ரோகிராம். அது மூன்று வேலைகளைச் செய்கிறது. முக்கியமானது, கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பது. அடுத்தது, கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி போன்ற திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே நீந்திப் போகவிடாமல் செய்வது. மூன்றாவது, கர்ப்பப்பையின் உள்சுவரை மெல்லிசாக்குவது. இந்த மூன்றாவதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைங்க. பீரியட்ஸ் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருமுறை வைத்தால் மூன்று வருடங்களுக்குப் பலன் தரும். 1,000 பெண்கள் ஒரு வருடம் வைத்திருந்தால் கர்ப்பமாவது ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. மாத்திரை மாதிரி மறந்துபோக வாய்ப்பே இல்லாததுதான் இதற்குக் காரணம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். எச்.ஐ.வி உள்ளிட்ட பால்வினை நோய்களை இம்ப்ளான்ட் தடுக்காது. அந்தப் பாதுகாப்புக்கு ஆணுறைதான்.

எப்படி வைக்கிறார்கள்?

நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கையின் மேல்பகுதியில், உள்பக்கமாக வைப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள கருவியால் தோலுக்கு அடியில் குச்சியைச் செலுத்துவார்கள். தையல் கிடையாது. சில நிமிட வேலைதான். மேலே இறுக்கமாக ஒரு கட்டு. அது ஒரு நாள் இருக்கணும். உள்ளே ஒட்டும் சின்ன பிளாஸ்திரி மூன்று முதல் ஐந்து நாள். அந்த இடம் கொஞ்சம் கன்றிப்போய் நீலம் பாரிக்கலாம், வலிக்கலாம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வைத்ததும் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். நீங்களும் தொட்டுப் பார்க்கணும். தோலுக்கு அடியில் குச்சி விரலுக்குத் தட்டுப்படணும். வீட்டுக்கு வந்த பிறகும் மாசத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. தட்டுப்படவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரை ஆணுறை பயன்படுத்துங்க. குச்சியில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் எக்ஸ்-ரேயில் தெரியும்.

பீரியட்ஸ் ஆரம்பித்த முதல் ஐந்து நாளுக்குள் வைத்தால் உடனே பாதுகாப்பு. வேறு நாளில் வைத்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வைப்பார்கள். அப்போது முதல் ஏழு நாட்களுக்குக் கூடுதலாக ஆணுறை தேவை. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களும் வைத்துக்கொள்ளலாம். பால் சுரப்பைக் குறைக்கும் ஈஸ்ட்ரோஜன் இதில் இல்லை.

பீரியட்ஸ் என்ன ஆகும்?

'ரொம்ப நல்ல மெத்தட், ஒண்ணும் ஆகாது' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதீங்க. இம்ப்ளான்ட் வைத்தால் பீரியட்ஸ் மாறும். எப்படி மாறும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. மாறும் என்பது மட்டும் உறுதி.

பல நாடுகளில் நடந்த 11 ஆய்வுகளில் பங்கேற்ற 923 பெண்களின் ரத்தப்போக்குக் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 90 நாட்களை ஒரு பகுதியாக வைத்துக் கணக்கிட்டால் கிடைத்தது இதுதான்:

• 22 சதவிகிதப் பகுதிகளில் ரத்தப்போக்கே இல்லை.
• 34 சதவிகிதத்தில் எப்போதாவது மட்டும். அதாவது, 90 நாளில் மூன்று முறைக்கும் குறைவு.
• 7 சதவிகிதத்தில் அடிக்கடி. 90 நாளில் ஐந்து முறைக்கு மேல்.
• 18 சதவிகிதத்தில் நீண்ட நாள். ஒரே மூச்சில் 14 நாட்களுக்கு மேல்.

மொத்தமாக எண்ணிப் பார்த்தால், நான்கில் மூன்று பகுதிகளில் ரத்தம் பட்ட நாட்கள் சாதாரண பீரியட்ஸுக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருந்தன. முன்பு பீரியட்ஸ் வலியால் அவதிப்பட்டவர்களில் 77 சதவிகிதம் பேருக்கு வலி முழுசாகப் போய்விட்டது. ஆக, பலருக்கு ரத்தத்தின் அளவு பிரச்னை இல்லை. எப்போது வரும் என்று தெரியாததுதான் பிரச்னை.

ஏன் இப்படி? சாதாரண மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரைக் கட்டி எழுப்பும். புரோஜெஸ்டிரான் அதை நிலைநிறுத்தும். மாதக் கடைசியில் இரண்டும் ஒன்றாகக் குறையும்போது சுவர் உதிர்ந்து பீரியட்ஸ் வரும். இம்ப்ளான்டில் ஹார்மோன் ஏறி இறங்காமல் சீராக வந்துகொண்டே இருப்பதால், 'இப்போ உதிரலாம்' என்ற சிக்னல் கிடைப்பதில்லை. சுவரும் மெல்லிசாகிவிடுகிறது. அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகி, இன்றைக்கு ஓரிடம், அடுத்த வாரம் வேறோரிடம் என்று கசியும். திட்டுத் திட்டாகப் படுவதற்கு இதுதான் காரணம்.

'ரத்தம் உள்ளே தேங்கிடாதா?'

பீரியட்ஸே வராதவர்களின் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. 'கெட்ட ரத்தம் வெளியே போகலைன்னா கட்டி வரும்', 'உடம்பு சூடாகிடும்' என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். உதிர வேண்டிய சுவரே இங்கே கட்டப்படவில்லை. அதனால் தேங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. பீரியட்ஸ் ரத்தம் கெட்ட ரத்தமும் இல்லை. இம்ப்ளான்ட் இருக்கும்போது பீரியட்ஸ் வராமல் இருப்பது உடம்புக்குக் கெடுதல் இல்லை. எடுத்துவிட்டால் பழையபடி வரும்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்து திடீரென நின்றுபோனாலோ, குமட்டல், மார்பு கனத்தல் போன்றவை இருந்தாலோ மட்டும் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்க. வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும், பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

டாக்டர் கேட்காத கேள்வி: வீட்டில் தூரம் பார்ப்பாங்களா?

மருத்துவக் கணக்கில் 'லேசான ஸ்பாட்டிங், 16 நாள்' என்பது ஒரு வரி. பீரியட்ஸ் நாளில் சமையலறைக்குள் விடாத, சாமி ரூம் பக்கம் போகவிடாத, தனிப் பாய் தனித் தட்டு கொடுக்கும் வீட்டில் 16 நாள் என்பது அரை மாசம் ஒதுங்கி உட்காருவது. குலதெய்வக் கோயில் கொடைக்கும், தங்கை கல்யாணத்துக்கும் தேதி பார்க்க முடியாது. 'என்ன, மறுபடியுமா?' என்று மாமியார் கேட்பார். முந்திரித் தோப்பிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் கழிப்பறை இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்கிற பெண்ணுக்கு, தினமும் நாப்கின் என்பது செலவு, புண், சங்கடம் எல்லாம்தான்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும் இதைத் தாங்க முடியாமல் எடுத்துவிட நினைப்பது நியாயமான காரணமே. 'இதுக்கெல்லாமா எடுப்பாங்க?' என்று யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. அதே சமயம், வைப்பதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது. கணவருக்கு, 'கொஞ்ச நாள் அப்பப்போ ரத்தம் படும். அது நோய் இல்லை, தீட்டுன்னு ஒதுக்கவும் வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பிரச்னை குறையும்.

ரத்தப்போக்குக்கு மருந்து உண்டா?

உண்டு. 'அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது முழுமையான பதில் இல்லை. தொல்லை தருகிற ரத்தப்போக்குக்கு மெஃபனமிக் ஆசிட் அல்லது ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகளை ஐந்து முதல் ஏழு நாள் தருவார்கள். சிலருக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட். ஈஸ்ட்ரோஜன் ஒத்துக்கொள்ளும் உடல்நிலை என்றால் சில வாரங்களுக்குக் கூட்டு கருத்தடை மாத்திரை. இவை அப்போதைக்கு ரத்தத்தை நிறுத்தும். மாத்திரை முடிந்த பிறகு சிலருக்குத் திரும்பி வரலாம். வயிற்றுப்புண், கிட்னி பிரச்னை, ரத்தக்கட்டு உள்ளவர்களுக்கு இவற்றில் சில ஆகாது. அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீங்க.

கூடவே ஹீமோகுளோபின் பாருங்க. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ளவருக்கு நாள்கணக்கில் கசிவதும் பாதிப்புதான். கசிவு நீடித்தால் கர்ப்பப்பைத் தொற்று, கட்டி, கர்ப்பம் ஆகியவை இல்லை என்பதையும் டாக்டர் உறுதி செய்யணும். எல்லாப் பழியையும் குச்சி மேலேயே போட்டுவிட்டால், வேறு நோய் இருந்தாலும் கவனிக்காமல் விட்டுவிட நேரும்.

மற்ற பக்க விளைவுகள்

இம்ப்ளான்ட் பற்றிய மருத்துவச் சோதனைகளில் பெண்கள் சொன்னவை இவை. இதில் எல்லாமே இம்ப்ளான்டால்தான் வந்தது என்று அர்த்தமில்லை. வைத்திருந்த காலத்தில் அவர்களுக்கு இருந்தவை.

• தலைவலி: நான்கில் ஒருவர் சொன்னார். அதற்காகவே எடுத்தவர்கள் 100 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு.

• எடை: சுமார் 14 சதவிகிதம் பேர் எடை கூடியதாகச் சொன்னார்கள். அமெரிக்கச் சோதனைகளில் முதல் வருடம் சராசரியாக 1.3 கிலோ, இரண்டு வருடத்தில் 1.7 கிலோ கூடியிருந்தது. இதில் எவ்வளவு குச்சியால், எவ்வளவு வயசாலும் சாப்பாட்டாலும் என்று பிரிக்க முடியவில்லை. குழந்தை பிறந்த வீட்டில் பத்தியச் சாப்பாடும் தூக்கமின்மையும் கூடவே இருப்பதை மறக்காதீங்க.

• முகப்பரு: சுமார் 13 சதவிகிதம் பேருக்கு. சிலருக்குக் கூடும், ஏற்கெனவே இருந்த சிலருக்குக் குறையவும் செய்யும்.

• மார்பு வலி, கனம்: சுமார் 13 சதவிகிதம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில்.

• மனநிலை: எரிச்சல், அழுகை, காரணமில்லாத சோகம். இதற்காக எடுத்தவர்கள் குறைவு. ஆனாலும், பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு வரும் காலமும் இதே காலம் என்பதால் கவனம் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்தே இருந்தால், 'குச்சியாலயா, வேறெதாலயா' என்று நீங்களே ஆராய்ச்சி பண்ணவேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்க.

புற்றுநோய் பயத்துக்கு வருவோம். ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தும்போது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு லேசாகக் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இள வயதில் அந்த நோயே அரிது என்பதால் எண்ணிக்கையில் அந்தக் கூடுதல் மிகச் சிறியது. நிறுத்திய பிறகு அதுவும் படிப்படியாகக் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் கூடாது.

யாருக்கு வேண்டாம்?

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் கட்டியோ கடுமையான கல்லீரல் நோயோ உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ இப்போது ரத்தக்கட்டு இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள். இவர்களுக்கு வேறு வழி பார்க்கணும்.

பலர் சொல்ல மறக்கிற ஒன்று, வேறு மருந்துகள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபைன், எச்.ஐ.விக்குத் தரும் எஃபாவிரென்ஸ் ஆகியவை இம்ப்ளான்டின் ஹார்மோனை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்யும். குச்சி கையில் இருந்தும் கர்ப்பமாகலாம். இம்ப்ளான்ட் வைத்த பிறகு டி.பி மாத்திரை ஆரம்பித்தாலும் இதே கதைதான். எந்த டாக்டரிடம் போனாலும், 'கையில இம்ப்ளான்ட் இருக்கு' என்று சொல்லிவிடுங்க.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அறிகுறிகள்

• வைத்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால்
• குச்சி தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், அல்லது தட்டுப்படவே இல்லை என்றால்
• கை மரத்துப்போய் விரல்கள் கூசிக்கொண்டே இருந்தால்
• அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, கூடவே தலைசுற்றல் இருந்தால் (மிக அரிதாகக் கர்ப்பமானால், அது கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு)
• ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் போனால்
• கண் மஞ்சளானால், இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால்

தொடர்வதா, எடுப்பதா? முடிவு எடுப்பது எப்படி?

முதலில் காலண்டர். வைத்த நாளிலிருந்து ரத்தம் பட்ட நாளை எல்லாம் குறித்து வைங்க. தினசரிக் காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி போதும். நாப்கின் தேவைப்பட்டால் பெரிய புள்ளி, லேசாகப் பட்டால் சின்னப் புள்ளி. ஃபோன் ஆப் இருந்தால் இன்னும் வசதி.

மூன்று மாதம் கழித்து அதைப் பாருங்க. முதல் மூன்று மாதங்களில் ரத்தப்போக்கு எப்படி இருக்கிறதோ, பெரும்பாலும் அதே போக்கில்தான் பிறகும் இருக்கும். முதல் மூன்று மாதம் பரவாயில்லை என்றால் பிறகும் பரவாயில்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். மோசமாக இருந்தவர்களில் பலருக்குப் போகப்போகக் குறையும். எல்லோருக்கும் குறையும் என்று உறுதி தர முடியாது.

பிறகு உங்களையே மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று, இது என் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது? இரண்டு, மருந்து கேட்டுப் பார்த்தேனா? மூன்று, இதை எடுத்தால் அடுத்து என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் அவசரமாக எடுத்துவிட்டு, இரண்டே மாதத்தில் எதிர்பாராத கர்ப்பத்தோடு வந்து நிற்பதுதான் தவிர்க்க வேண்டிய விஷயம்.

மற்ற பெண்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த 'சாய்ஸ்' என்ற பெரிய ஆய்வில், இம்ப்ளான்ட் வைத்த 100 பேரில் 83 பேர் ஒரு வருடம் கழித்தும் அதை வைத்திருந்தார்கள். மூன்று வருடம் முழுக்க வைத்திருந்தவர்கள் 56 பேர். வேறொரு சோதனைத் தொகுப்பில், ரத்தப்போக்கு மாற்றத்துக்காக மட்டும் எடுத்தவர்கள் 100 பேரில் 11 பேர். பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, ஒரு பகுதியினருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அது உங்கள் உடம்பின் குற்றமும் இல்லை, உங்கள் பொறுமையின் குறையும் இல்லை.

எடுக்கச் சொன்னால் எடுத்தாகணும்!

இதைத் தனியாகச் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

உலகின் முதல் இம்ப்ளான்ட், நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சில் உருவாக்கிய நார்பிளான்ட். ஆறு குழாய்கள், ஐந்து வருடம். 1983-ல் ஃபின்லாந்திலும் 1990-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆறு குழாய்களை வைப்பது சுலபம், எடுப்பது கடினம். வங்கதேசத்தில் நடந்த சோதனைகளில், 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்ட பெண்களை எடுக்காமல் திருப்பி அனுப்பியதாகப் புகார்கள் வெளிவந்தன. இந்தியாவிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நார்பிளான்ட் சோதனைகளை நடத்தியது. டெல்லியின் 'சஹேலி' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அதற்கு முன்பே, 1985-ல் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசிச் சோதனைக்கு வந்த பெண்களுக்கு அது சோதனை என்பதே சரியாகச் சொல்லப்படவில்லை என்று போராட்டம் வெடித்து, 1986-ல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெண்கள் கேட்டது இரண்டு: எங்களிடம் முழுசாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

அதன் பிறகு நிறைய மாறியது. ஆறு குழாய் ஒற்றைக் குச்சியானது. 2017-ல் 'அந்தரா' ஊசியும் 'சாயா' வார மாத்திரையும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தன. 2023-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கி, இம்ப்ளான்டையும் மத்திய சுகாதாரத் துறை படிப்படியாகக் கொண்டுவந்தது. ஆனால், அன்று கேட்ட அந்த இரண்டு விஷயங்கள் இன்றும் அப்படியே பொருந்தும். வைக்கவும் எடுக்கவும் தேவையானது உங்கள் சம்மதம். மூன்று வருடம் முடியணும் என்று கட்டாயம் இல்லை. மூன்றாவது மாதத்திலேயே வேண்டாம் என்று தோன்றினாலும் எடுக்கச் சொல்லலாம். காரணம் சொல்லி யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கத் தேவையில்லை. டாக்டர் மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம், அது ஆலோசனை. 'காலம் முடியட்டும்' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

எடுப்பதும் சில நிமிட வேலைதான். மரத்துப்போக ஊசி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன வெட்டு, குச்சி வெளியே. முழுக் குச்சியும் வந்ததா என்று கேட்டு, கண்ணால் பார்த்துக்கோங்க. பயிற்சி பெற்றவர்தான் எடுக்கணும். வீட்டில் பிளேடால் கீறிப் பார்ப்பது, தெரிந்த கம்பவுண்டரிடம் போவது எல்லாம் ஆபத்து. குச்சி ஆழத்தில் இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன.

எடுத்த பிறகு குழந்தை பிறக்குமா?

பிறக்கும். எடுத்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் ஹார்மோன் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். பலருக்கு ஆறு வாரத்துக்குள் கருமுட்டை வெளியேற ஆரம்பித்துவிடும். அதனால் குழந்தை வேண்டாம் என்றால் எடுத்த அன்றே அடுத்த பாதுகாப்பைத் தொடங்கிவிடணும். தொடர விரும்பினால் அதே வெட்டு வழியாகவே புதுக் குச்சியை வைத்துக்கொள்ளலாம்.

வேறு என்ன இருக்கிறது? ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர் டி. வகையைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து வருடம். பீரியட்ஸ் மாதாமாதம் வரும், ரத்தம் கொஞ்சம் அதிகமாகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு 'அந்தரா' ஊசி போடலாம். ஆனால், ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பிலிருந்து அதை வெளியே எடுக்க முடியாது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கவும் பல மாதங்கள் ஆகலாம். 'சாயா'வில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அப்புறம் ஆணுறை. அதில் பக்க விளைவு பற்றிய பேச்சே உங்களுக்கு இல்லை, பொறுப்பு அவருக்கும் வரும்.

எங்கே, யாரிடம் கேட்பது?

ரெட்டிபாளையம் மாதிரி, சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலையும் உள்ள ஊரில் மகப்பேறு டாக்டர் தெருமுனையில் இருக்கமாட்டார். முதல் வாசல் உங்கள் ஊர்ச் செவிலியர்தான். கர்ப்பக் காலம் முழுக்க உங்களைக் கவனித்த அதே நர்ஸம்மா. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் புதன்கிழமையே கேட்டுவிடலாம். உங்கள் மாவட்டத்தில் இம்ப்ளான்ட் இப்போது கிடைக்கிறதா, எந்த மருத்துவமனையில் என்று அவர் விசாரித்துச் சொல்வார். பக்கத்தில் இல்லை என்றால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் கேளுங்க. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம்.

வைத்துக்கொள்வதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்க. ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி:

1. என் உடம்புக்கும் நான் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இது ஒத்துவருமா?
2. பீரியட்ஸ் மாறினால் யாரிடம் வரணும், என்ன மருந்து தருவீங்க?
3. எடுக்கணும் என்றால் இதே ஆஸ்பத்திரியிலேயே எடுப்பீங்களா? எந்த நாள், எந்த நேரம்?
4. எடுக்கக் காசு உண்டா?
5. வைத்த தேதி, எடுக்கவேண்டிய தேதி எழுதிய அட்டை தருவீங்களா?

இதில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். வைக்க ஆள் இருந்து, எடுக்க ஆள் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளாதீங்க. தேதி அட்டையைப் பிரசவ அட்டையோடு பத்திரமாக வைங்க. தேதியை ஃபோனிலும் போட்டு வைங்க. மூன்று வருடத்தில் ஊர் மாறலாம், வேலை மாறலாம், டாக்டரும் மாறலாம். கையில் குச்சி இருப்பது ஞாபகம் இருக்க வேண்டியது உங்களுக்குத்தான்.